தீபாவளிக்குப் போட்டு கிறிஸ்துமஸ் வரைக்கும் விடற லைட்: எடிசனுக்குப் புதுசா வந்த தம்பிக்கு

நியூ ஜெர்சி எடிசன்ல வாடகை வீட்டுக்கு வந்திருக்கீங்க, தெருவே லைட் போட ஆரம்பிச்சிருச்சு, பாப்பா நம்ம வீட்டுக்கும் வேணும்னு அடம் பிடிக்குது, ஊர்ல இருந்து கொண்டு வந்த சீரியல் செட்டை மாட்டலாமா, ஒரு ப்ளக்ல எவ்வளவு தாங்கும், ஃபோன்ல கண்ட்ரோல் பண்ண என்ன வாங்கணும்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்ல வருஷா வருஷம் தீபாவளிக்கு ஏத்தினா ஜனவரியிலதான் இறக்குவோம், அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

ஊர் சீரியல் செட்டை மாட்டாதீங்க தம்பி. அது 230 வோல்ட்டுக்கு செஞ்சது, இங்க சுவத்துல வர்றது 120தான். அடாப்டர் போட்டு சொருகினா ஒண்ணு எரியாது, இல்ல அழுது வடியும். டிரான்ஸ்பார்மர் வச்சா சரியாயிடும்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, காதுல வாங்காதீங்க, அந்த மெல்லிசு வயர் மாசக்கணக்கா மழையிலயும் ஸ்னோலயும் கிடக்கறதுக்கு செஞ்சதே இல்ல. அதே மாதிரி இங்க வாங்கினதை ஊருக்கு எடுத்துட்டுப் போய் சொருகினா பட்டுன்னு போயிடும், அதையும் சொல்லி வச்சிடறேன், ஏன்னா எல்லாரும் ஒரு தடவையாவது பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போக நினைப்பாங்க. கடையில வாங்கும்போது யூஎல் (UL, பாதுகாப்பு சோதனை பண்ணி முத்திரை குடுக்கற அமைப்பு) ஸ்டிக்கரைப் பாருங்க. சிவப்பு எழுத்துல இருந்தா உள்ள வெளிய ரெண்டுக்கும் ஆகும், பச்சைன்னா வீட்டுக்குள்ள மட்டும்.

எவ்வளவு தாங்கும்ங்கறதுக்கு நீங்க ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேணாம். 15 ஆம்ப் பிரேக்கர்னா 1800 வாட், மணிக்கணக்கா எரியற சாமானுக்கு அதுல 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 1440 வாட். 100 பல்பு எல்இடி சின்ன செட் ஒண்ணு 5ல இருந்து 7 வாட்தான் இழுக்கும், வீட்டையே சுத்தினாலும் நூறு இருநூறு வாட்டைத் தாண்டறது கஷ்டம். பழைய சூடாகற பல்புன்னா கதை வேற, சின்னதுலயே நூறு பல்புக்கு 40 வாட், சி9 பெரிய பல்பு ஒண்ணே 7 வாட், 25 மாட்டினா 175. (உங்க ஊருக்குப் பேர் குடுத்த எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன்தான் 1882ல நியூயார்க்ல தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்துல 80 கலர் பல்பு மாட்டி முதல்முதலா கரண்ட்ல எரிய விட்டவரு, அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.) உங்களுக்கு லிமிட் வர்றது வேற இடத்துல. ஒரு செட்டோட வால்ல இன்னொரு செட்டை சொருகிட்டே போவோம்ல, அதுக்கு ஒரு வரம்பு இருக்கு, ப்ளக் பக்கத்துல தொங்கற டேக்ல பெரும்பாலும் 216 வாட்னு போட்டிருக்கும், எத்தனை செட் சேக்கலாம்னு டப்பாவுலயும் இருக்கும். அதைத் தாண்டினா ப்ளக்குக்குள்ள இருக்கற குட்டி ஃபியூஸ் போகும். செட் மொத்தமா எரியலன்னா தூக்கிப் போட்றாதீங்க, ப்ளக்ல ஒரு சின்னக் கதவு இருக்கும், நகத்தால தள்ளித் திறந்து ஃபியூஸை மாத்திப் பாருங்க. பழைய பல்பு செட்டையும் எல்இடி செட்டையும் ஒரே வரிசையில கலக்காதீங்க.

உங்களைத் தூங்க விடாதது தண்ணிதான். வெளிய இருக்கற அவுட்லெட்டுக்கு ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு இருக்கணும், எங்கயாவது ஈரம் வழியா கொஞ்சம் கரண்ட் கசிஞ்சாலும் அது உடனே கட் பண்ணிடும். மழை பேஞ்ச ராத்திரி மொத்தமும் அணைஞ்சு போய், மறுநாள் காய்ஞ்சதும் ரீசெட் அமுக்கினா திரும்ப எரியும், இது இங்க எல்லா வீட்லயும் நடக்கறதுதான். சில வீட்ல அந்த ரீசெட் பட்டன் வாசல் அவுட்லெட்லயே இருக்காது. எங்க தெருவுக்குப் புதுசா வந்த ஒரு குடும்பம் வாசல் அவுட்லெட் செத்துப் போச்சு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போறோம்னாங்க, உள்ள போய்த் தேடினா கீழ் பாத்ரூம் கண்ணாடி பக்கத்துல ஒரு ரீசெட் பட்டன் துருத்திட்டு நிக்குது, அமுக்கினதும் வாசல்ல பளிச்னு வந்துருச்சு. அதனால கராஜ், பாத்ரூம், பேஸ்மென்ட் எல்லாம் ஒரு சுத்து பாத்து வச்சுக்கங்க.

அந்த ஜிஎஃப்சிஐ அடிக்கடி ட்ரிப் ஆச்சுன்னா, அதாவது தானா கட் ஆச்சுன்னா, பெரும்பாலும் ரெண்டு ப்ளக் சேர்ற ஜாயின்ட் புல்லுல கிடக்கும். அதைத் தரையில இருந்து தூக்கி ஒரு குச்சியிலயோ செடியிலயோ கட்டுங்க, ஓட்டைப் பக்கம் மேல பாக்காம இருக்கணும், வயர் ப்ளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறினா தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். பிளாஸ்டிக் கவர் சுத்தி டேப் ஒட்டறவங்க நிறைய பேர், உள்ள போன தண்ணி வெளிய வராம அங்கயே நிக்கும், அதுக்கு சும்மா விட்டுடறதே மேல். ப்ளக் சொருகி இருக்கும்போதே மூடற மாதிரி உப்பலான மூடி அவுட்லெட்டுக்கு இருக்கணும், இல்லன்னா ஓனர்கிட்ட கேட்டு மாத்திக்கங்க. ட்ரிப் ஆகுதேன்னு கடுப்புல ஜன்னல் இடுக்கு வழியா ஹால் ப்ளக்ல இருந்து வயர் இழுக்கற வேலை மட்டும் வேணாம், பாப்பா ஓடி விளையாடற இடம். எக்ஸ்டென்ஷன் கார்டுலயும் வெளிய போடறதுக்கானதுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, வயர் தடிமனைச் சொல்ற கேஜ் நம்பர் குறைய குறைய வயர் தடிமன்.

மாட்டும்போது அவுட்லெட்ல இருந்து ஆரம்பிங்க. கூரை ஓரமெல்லாம் மாட்டி முடிச்சு கீழ இறங்கினா கையில ஓட்டை இருக்கற முனை நிக்கும், முள்ளு இருக்கற முனை அந்தக் கோடியில மேல இருக்கும். உடனே ரெண்டு பக்கமும் முள்ளு வச்ச கார்டு கிடைக்குமான்னு தேடத் தோணும். அது கொலைகார சாமான் தம்பி, ஒரு பக்கம் சொருகினா மறு பக்க முள்ளுல 120 வோல்ட் அம்மணமா நிக்கும். கழட்டித் திருப்பி மாட்டறதைத் தவிர வழியே கிடையாது. ஆணி, ஸ்டேப்ளர் வேணாம், கூரை ஓரத்துல மழைத் தண்ணி ஓடற கட்டர்ல (gutter) மாட்டற பிளாஸ்டிக் கிளிப் போதும். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாம ஏறாதீங்க. குளிர் இறங்கறதுக்கு முன்னாடி முடிச்சிருங்க, உறைபனியில வயர் விறைச்சுப் போய் வளையவே வளையாது, நம்ம விரலும்தான்.

கண்ட்ரோலுக்கு இந்த வருஷம் வெளிய போடற ஸ்மார்ட் ப்ளக் ஒண்ணு போதும், ஆப்ல சூரியன் மறையும்போது ஆன், ராத்திரி 11க்கு ஆஃப்னு வச்சுட்டு மறந்துடலாம். முக்கால்வாசி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் சேரும், ஃபோன் 5ல இருந்தா சேர மாட்டேங்குதுன்னு அரை நாள் போகும். முள் சுத்தற டைமர் மலிவுதான், ஆனா நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தைப் பின்னாடி தள்ளும்போதும் கரண்ட் போய் வரும்போதும் நீங்களே போய்த் திருப்பணும். வீட்டு டிம்மர்ல எல்இடி செட்டை மாட்டாதீங்க, டப்பாவுல டிம் பண்ணலாம்னு போட்டிருந்தா ஒழிய.

எதிர் வீட்ல பாட்டுக்கு ஆடற லைட் பாத்துட்டுதான் கேக்கறீங்கன்னு புரியுது. அது பிக்சல், ஒவ்வொரு பல்பையும் தனியா கலர் மாத்தலாம். டபிள்யூஎஸ்2811 சிப் வச்ச 12 வோல்ட் சரம், அதை கண்ட்ரோல் பண்ண இஎஸ்பி32ங்கற குட்டி போர்டுல டபிள்யூஎல்இடி (WLED) சாஃப்ட்வேர், பாட்டுக்கு ஆட விடணும்னா கம்ப்யூட்டர்ல எக்ஸ்லைட்ஸ் (xLights), சாஃப்ட்வேர் ரெண்டும் இலவசம். 50 பிக்சல் முழு வெள்ளையில எரிஞ்சா 3 ஆம்ப் வரைக்கும் இழுக்கும், அதனால 100 பிக்சலுக்கு 72 வாட், பவர் சப்ளை 100 வாட்டாவது வேணும். சரம் நீளமானா கடைசியில வெள்ளை மஞ்சளடிச்சு சிவப்பாகும், வோல்டேஜ் இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அந்த முனையிலயும் பவர் குடுக்கணும். போர்டு, சரம், பவர் சப்ளை எல்லாத்தோட கிரவுண்டும் (மைனஸ் வயர்) ஒண்ணா சேரணும், கலர் மாத்தச் சொல்ற டேட்டா சிக்னல் சரத்துல இருக்கற அம்புக்குறி காட்டற பக்கம் மட்டும்தான் போகும். எல்லாம் சரியா மாட்டியும் மங்கலா எரிஞ்சா டபிள்யூஎல்இடி செட்டிங்ஸ்ல கரண்ட் லிமிட் 850 மில்லி ஆம்ப்னு தானா நிக்கும், உங்க சப்ளைக்கு ஏத்த மாதிரி ஏத்துங்க. இதையெல்லாம் ஜூலையில மேசை மேல வச்சு பழகினாதான் ஒழுங்கா வரும், தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பிச்சா வீட்ல சண்டைதான் வரும். வாடகை வீடுன்னு வேற சொல்றீங்க.

இப்போதைக்கு வார்ம் ஒயிட் செட் நாலு, கிளிப், ஒரு ஸ்மார்ட் ப்ளக் வாங்குங்க, மிச்சத்தை டிசம்பர் 26க்கு அப்புறம் தள்ளுபடியில அள்ளிக்கலாம். முதல்ல உங்க வாசல் அவுட்லெட்ல பட்டன் இருக்கா, மூடி எப்படி இருக்குன்னு பாத்து எழுதுங்க.