மனித வாடை

அன்புள்ள ஐயாவுக்கு,

மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிறந்து இப்போது கனடாவில் கல்கரியில் இருக்கிறேன். ஆவணி விடுமுறையில் குடும்பத்தோடு காரில் பான்ஃப் பூங்கா தொடங்கி ஜாஸ்பர் பூங்கா வரை மலைவழியே போய்வந்தோம். லூயிஸ் ஏரி, மொரெய்ன் ஏரி, ஜோன்ஸ்டன் கன்யன், மலீன் கன்யன் என்ற மலைப்பிளவுகள் எல்லாம் நடந்தே பார்த்தோம். மனித வாடையே படாத இயற்கையை முதல்தடவை கண்டேன். அதபாஸ்கா பனியாறு எந்த வருடம் எதுவரை இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். 1992 என்ற பலகையடியில் கொஞ்சநேரம் நின்றேன். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட வருடம். பனி அங்கிருந்து எவ்வளவோ தள்ளிப் போய்விட்டது.

இந்தப் பயணத்தை எழுத விரும்புகிறேன். வர்ணனை கூட இருக்கவேண்டுமா, தகவலா? அந்த ஏரிகளின் நீலத்தை எப்படிச் சொல்வது? எங்கட ஆக்களுக்குக் காடுமலை நடக்கிற பழக்கமே இல்லை, இதையெல்லாம் வாசிப்பார்களா? அடுத்த ஆடிக்கு ஊருக்கு வர எண்ணம்.

த., கல்கரி

அன்புள்ள தம்பி,

1992 பலகை பற்றிய அந்த வரிகள் இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருக்கமாட்டேன். வாசித்ததும் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்து திரும்பவும் வாசித்தேன். மிச்சக் கடிதத்தை வேறு யாரோ எழுதிக்கொடுத்தார்களா?

நீலத்தை விடுங்கள். பனியாறு பாறையை அரைத்து மாவாக்கி ஏரியில் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த மா அடியில் படியாமல் நீரில் நிற்பதால் வெளிச்சம் அப்படித் தெறிக்கிறது. சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போங்கள். மரகதம், நீலமணி என்று தொடங்கினால் நான் பக்கத்தை மூடிவிடுவேன். வர்ணனையா தகவலா என்பது பள்ளிக்கூடக் கட்டுரைக்காரரின் கவலை.

ஆனால் 'மனித வாடையே படாத இயற்கை' என்றீர்களே, அதைச் சும்மா விடமாட்டேன். மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் கார் விடுவதை 2023இல் நிறுத்திவிட்டார்கள். நீங்களும் பஸ்ஸில்தான் போயிருப்பீர்கள். ஜோன்ஸ்டன் கன்யனில் பாறைச்சுவரோடு பொருத்திய நடைபாலத்தில் நின்றுகொண்டுதான் அருவியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்தில் நின்றபடி மனித வாடை இல்லை என்று சொல்ல எப்படித் தம்பி மனம் வந்தது?

பாலம் போகட்டும். பான்ஃபில் வெந்நீரூற்றைச் சுற்றி 1885இல் நிலம் ஒதுக்கினார்கள். ரயில்பாதை வந்திருந்தது, அதில் பணமுள்ள பயணிகள் வரவேண்டும். அந்தக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நகோடா மக்களைப் பூங்காவுக்கு வெளியே தள்ளினார்கள். ஜாஸ்பர் பூங்கா வந்தது 1907இல். அதபாஸ்கா ஆற்றோரம் வீடும் மாடும் தோட்டமுமாக இருந்த மெட்டி (பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த) குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுத்து 1910 அளவில் கிளப்பிவிட்டார்கள். வாடை இல்லாமல் போனது அப்படித்தான். ஊரைவிட்டு வெளிக்கிட்ட வருடத்தைப் பலகையில் கண்டு நின்றவருக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறதே என்பதுதான் என் கோபம்.

இங்கேயும் இதே கதைதான். அம்பாறையில் இங்கினியாகலைக்குப் போய்ச் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகு ஏறுகிறவர்கள், யானை தீவுக்குத் தீவு நீந்துவதைப் படமெடுத்து 'கன்னி இயற்கை' என்று போடுகிறார்கள். அது 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் ஆற்றை மறித்துக் கட்டிய அணை. தீவு என்று காட்டுவதெல்லாம் மூழ்காமல் தப்பிய குன்றுகளின் தலை. கீழே ஆதிக்குடிகளான வேடர்கள் தேனெடுத்த காடு கிடக்கிறது. அணைக்கு நீர் தருகிற காட்டைக் காக்க 1954இல் பூங்காவும் அறிவித்தார்கள். ரத்துகலைக் கிராமத்தில் இன்றைக்கும் வேடர் குடும்பங்கள் இருக்கின்றன; படகுக்காரர்களின் கதையில் அவர்கள் வருவதில்லை.

எங்கட ஆக்களுக்குக் காடுமலை நடக்கிற பழக்கமே இல்லையாம்! உங்கள் ஆரையம்பதி வழியாகத்தானே வருடாவருடம் கதிர்காம முருகனிடம் அடியார்கள் நடந்து போகிறார்கள். சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பிறகு உகந்தைமலை. அதற்கப்பால் வீடுவாசல் இல்லை. சிலர் வடக்கே முல்லைத்தீவிலிருந்தே நடந்து வந்திருப்பார்கள்.

என் பெரியம்மா ஆடி நெருங்கினால் வீட்டில் நில்லாது. பெரியம்மாவோடு நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். கும்புக்கன் ஆற்றில் ஒருநாள் தங்கல். மருதமரங்களுக்குக் கீழே மணலில் கையால் ஊற்றுத் தோண்டினால் முதலில் கலங்கலும் மறுகா கண்ணாடித் தண்ணீரும் வரும். நாவலடித் தங்கலில் அந்த வசதி இல்லை. எருமை உழக்கிய குட்டையில் சேலைத்தலைப்பை நாலாக மடித்துப் போத்தல் வாயில் கட்டி அள்ளவேண்டும். இன்றைக்குத் தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிறார்கள், நல்லது. பெரியம்மாவுக்குப் பாதை தெரியாது, ஆட்கள்தான் தெரியும். "இந்த மரத்தடியிலதான் மனே, கோமாரிக்காரி ஒருத்தி பிள்ளை பெத்தவள். அந்தா அந்தக் கல்லுக்கிட்ட நம்முட மாமி படுத்தது, எழும்பல்ல." இப்படியே வியாழை (யால) வரைக்கும் சொல்லிக்கொண்டு வரும். எனக்கு அப்போது கால்வலி, பாதியைக் கேட்கவில்லை.

வியாழையை 1938இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். அடியார் அந்த வழியில் நடக்கத் தொடங்கிய வருடத்தை எந்த அரசாங்க வர்த்தமானியிலும் தேடமுடியாது. ஆனால் இன்றைக்கு உகந்தையில் கதவு. திறக்கும் நாளும் மூடும் நாளும் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் பிந்தினால் அவ்வளவு தூரம் நடந்துவந்த கிழவியும் வெளியேதான். யானையும் சிறுத்தையும் காக்கப்படவேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அடியார்களில் சிலர் பிளாஸ்டிக் போத்தலை எறிந்துவிட்டு வருவதும் உண்மை, அவர்களை உதைக்கவேண்டும். ஆனாலும் அந்தக் காட்டில் பெரியம்மா விருந்தாளி இல்லை.

மலீன் கன்யன் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? மேலே மெடிசின் ஏரியில் விழுகிற தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிக் கிலோமீற்றர் கணக்கில் இருட்டில் ஓடி அந்தப் பிளவில் வந்து எழும்புகிறது. உங்கள் கால் அதற்கு மேலேதான் நடந்தது. அதையும் பஸ் ஓட்டியவரையும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் அந்தப் பலகையடியில் 'ஏன் அப்பா நிற்கிறீங்கள்' என்று கேட்டார்களா, நீங்கள் என்ன சொன்னீர்கள், அதை முதலில் எழுதுங்கள். வாசிப்பார்களா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆடிக்கு வருவதானால் உகந்தையிலிருந்து நடக்கலாம், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். காட்டுப்பாதை திறக்கும் திகதியைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் போட்டுத்தான் சொல்வார்கள். அதற்கு முதல் விமானச்சீட்டை வாங்கிவிடாதீர்கள்.