இரண்டு சம்பளம், ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 85 ஆயிரம் கைக்கு வருகிறது. குரோம்பேட்டையில் 14 ஆயிரம் வாடகையில் இருக்கிறோம். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை வீடு 48 லட்சம் சொல்கிறார்கள். சேமிப்பு 9 லட்சம் இருக்கிறது. நகையை வைக்கலாம். அப்பா ஊரில் இருக்கும் அரை ஏக்கரை விற்றுத் தருகிறேன் என்கிறார். வாடகை கொடுப்பது தண்டம் என்று சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் வீடு வாங்கவே முடியாதா?

க., குரோம்பேட்டை

அன்புள்ள க.,

முடியும். ஆனால் அதற்கு நீங்கள் இருவரும் இருபது வருடம் இடைவெளி இல்லாமல் சம்பாதிக்க வேண்டும். வீடு விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். இந்த அளவுக் கடனுக்கு வங்கி வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம். 38 லட்சத்து 40 ஆயிரம் கடன் என்றால் 9 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கைக்காசு. புது அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். கட்டி முடியாத வீடு, 45 லட்சத்தைத் தாண்டியது, எனவே ஜிஎஸ்டி 5 சதவீதம். இது இரண்டும் சேர்ந்து 5 லட்சத்து 28 ஆயிரம். ஆக, சாவி வாங்குவதற்குள் கிட்டத்தட்ட 15 லட்சம் கையை விட்டுப் போகும். மின் இணைப்பு டெபாசிட், கார் பார்க்கிங், பராமரிப்பு முன்பணம், சமையலறை அலமாரி எல்லாம் அதற்கு மேல். உங்கள் 9 லட்சம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து மாதத் தவணை. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் ஏறக்குறைய 33,300 ரூபாய். வங்கியில் திருப்பிச் செலுத்தும் அட்டவணையைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தின் முதல் வரியைப் படியுங்கள். அந்த 33,300-இல் 27,200 வட்டி, அசலுக்குப் போவது 6,100. முதல் வருடம் முழுக்கச் சேர்த்தால் வட்டி மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரம் வருகிறது. நீங்கள் கொடுக்கும் வாடகையோ வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். வாடகை தண்டம் என்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

மாறும் வட்டிதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ விகிதம்; அது ஏறினால் உங்கள் வீட்டுக் கடன் வட்டியும் ஏறும். 2022 மே தொடக்கத்தில் அது 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. உங்கள் அளவுக் கடனை 7 சதவீதத்தில் எடுத்தவருக்குத் தவணை 29,800 போல இருந்திருக்கும். வட்டி 9.5 ஆனதும் வட்டியே மாதம் 30,400. கட்டும் தவணை வட்டிக்கே பத்தாது! பலருக்குத் தவணையை ஏற்றாமல் வருடங்களை நீட்டினார்கள். கடன் முடியும் தேதி ஓய்வு வயதைத் தாண்டிப் போனது. வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவே போட வேண்டியிருந்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனைவியின் பள்ளி எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வீட்டின் விதியே அதில்தான் இருக்கிறது. குரோம்பேட்டைப் பக்கம் என்றால், காலையில் சமைத்து, மகளைக் கிளப்பி, ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் ஏற வேண்டும். கடற்கரையிலிருந்து வரும் மின்ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. மாலையில் ஒன்றைத் தவறவிட்டால் மகள் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பாள். ஊரப்பாக்கத்தில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்படித்தான் ஒன்றரை வருடம் ஓடினாள். ஒரு மே மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, லாரித் தண்ணீர் வரும் என்று அடுக்ககமே காத்திருந்தது. ஆபீசுக்கு லேட் என்று போனில் கெஞ்சிக்கொண்டே குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். அப்புறம் வேலையை விட்டாள். தவணை நிற்கவில்லை. எந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குகிறோமோ, அந்தச் சம்பளத்தையே வீடு இருக்கும் தூரம் பறித்துவிடுகிறது.

இது உங்கள் சாமர்த்தியக் குறைவு இல்லை. 1961-இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியம் அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் என்று நகரத்துக்குள்ளேயே மனை பிரித்து, குமாஸ்தாவும் ஆசிரியரும் தவணையில் வாங்கும்படி கொடுத்தது. எழுபதுகளின் கடைசியில் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கத்தில் குறைந்த வருமானக்காரர்களுக்கே மனைகள் உருவாயின. இன்று அந்தத் தெருக்களில் உங்கள் சம்பளத்துக்கு ஒரு அறைகூட அமையாது. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். எல்லையை விரித்த வேகத்தில் ரயிலையும் குடிநீரையும் கொண்டுபோயிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் இருவரில் அதிகம் வாங்குபவரின் சம்பளம் மட்டும் வந்தாலும் கட்டக்கூடிய தவணையை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தொகைக்குள் பல்லாவரம் முதல் தாம்பரம் வரை, ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில், பதினைந்து இருபது வருடப் பழைய சிறிய வீடு கிடைக்கிறதா என்று தேடுங்கள். பழைய வீட்டுக்கு முத்திரையும் பதிவும் 9 சதவீதம், ஆனால் ஜிஎஸ்டி இல்லை. குடிபோனதும் வாடகை நின்றுவிடும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கடன் முழுவதும் கொடுத்தபின் வேலை இழுத்தடித்தால் 33,300-ம் 14 ஆயிரமும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

எதுவானாலும் பிரிபடாத பங்கு நிலம், அதாவது அடுக்ககம் நிற்கும் மனையில் உங்கள் பெயருக்கு வரும் பங்கு, எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். கட்டடம் பழசாகும், விலை ஏறுவது நிலத்துக்குத்தான். வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட நிறைவுச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். மே மாதம் ஒருமுறை போய் அங்கே குடியிருப்பவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். நவம்பர் மழையில் இன்னொருமுறை போங்கள். 2015-இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கிடைக்கவில்லை என்றால் நாலைந்து வருடம் வாடகையிலேயே இருங்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 19 ஆயிரம். அதைத் தொடாமல் சேர்த்தால் கைக்காசு பெருகும், கடன் குறையும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. மகளின் பள்ளிக்குப் பக்கத்திலேயே அடுத்த வாடகை வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவின் அரை ஏக்கரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். அம்மாவும் அவரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஊரில் இருப்பது அந்த நிலத்தால்தான்.