ரீமாஸ்டர் செய்த சிடி ஏன் சீக்கிரம் காதைக் களைப்பாக்குகிறது?

ஒரே ஆல்பம், 80களில் வந்த சிடி இதமாக இருக்கிறது, புது ரீமாஸ்டர் அரை மணியில் சலித்துவிடுகிறது, ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பணத்தைப் பத்திரமாக வையுங்கள். கோளாறு பெரும்பாலும் மாஸ்டரிங்கில்தான், அதாவது வெளியிடும் முன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலையில். அதையே மறுபடி செய்தால் ரீமாஸ்டர்.

16 பிட் சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் உண்டு. உச்சத்தைத் தாண்டிப் பதிய வழியில்லை. ஆனால் 90களில், நம் பாட்டு மற்றவர்கள் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி முற்றியது. லிமிட்டர் (ஒலியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத கருவி) போட்டு உச்சங்களை நசுக்கி, மொத்தத்தையும் மேலே தூக்கினார்கள். டிரம் அடியின் வீச்சு அதில்தான் செத்துப்போகிறது. 2008இல் மெட்டாலிகா ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது, சிடியைவிட 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் இருந்த வடிவமே தேவலை என்று ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள்!

இரண்டு சிடியையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடியது எதுவும் முதலில் நன்றாகத்தான் தோன்றும், ஏமாற்றே அங்கேதான். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால், நசுக்கிய பாட்டின் அலைவடிவம் செங்கல் மாதிரி தட்டையாகத் தெரியும்.

எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் பழைய சிடி மலிவாகக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.