வெட்டினால் பெரிதாகும் புண்

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. ஆறு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் நோய்) இருக்கிறது. கட்டில் காலில் இடித்துக்கொண்ட இடத்தில் சின்னக் கொப்புளம் வந்தது. மூன்று வாரத்தில் அது உள்ளங்கை அளவு புண்ணாகிவிட்டது. வலி தாங்க முடியவில்லை. ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) செய்ததில் கிருமி இல்லை, சர்க்கரையும் இல்லை. வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்கிறார் சர்ஜன். செய்யலாமா?

பதில்: கத்தி வைப்பதற்கு முன் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், இந்த வாரமே. கடும் காய்ச்சலோ, மணிக்கணக்கில் பரவும் சிவப்போ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உண்மையான கிருமித் தொற்றாக இருக்கலாம்.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் பயோடெர்மா கேங்ரினோசம். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வைத்த பெயர் அது. சீழ்பிடித்து அழுகும் தோல் என்பது போன்ற அந்தப் பெயர்தான் பொருந்தவில்லை: இது சீழ்க்கிருமியால் வருவதில்லை, தசை அழுகலும் இல்லை. குடலைத் தாக்கும் அதே எதிர்ப்பு சக்தி தோலிலும் வரம்பு மீறுகிறது. புண்ணின் ஓரம் ஊதா நிறத்தில், அடியில் குடைந்தாற்போல் இருக்கிறதா, பாருங்கள்.

இந்த நோயில் சிலருக்குத் தோலில் சின்ன அடி பட்டாலே அங்கே புதுப் புண் கிளம்பும். இடித்த இடத்தில் வந்ததும் அப்படித்தான் இருக்கலாம். வெட்டினால் அதுவும் ஓர் அடிதானே! சர்ஜனைக் குறை சொல்லவில்லை. அரிதான நோய், பார்வைக்குத் தொற்று மாதிரியே இருக்கும். இதை உறுதிப்படுத்தத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. ஓரத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்து, காசநோய், ரத்தக்குழாய்க் கோளாறு, புற்றுநோய் எல்லாம் இல்லை என்று பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

சிகிச்சை என்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, அல்லது எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின். 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 121 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். எதைக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் முழுக்க ஆறியது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அதனால் பொறுமை வேண்டும், ஸ்டீராய்டைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. குடலுக்கும் தோலுக்கும் சேர்த்து இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியும் உண்டு. அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம், வயிறு இப்போது நன்றாக இருக்கிறதே என்று குடல் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். குடல் அமைதியாக இருக்கும்போதும் இந்தப் புண் வரும்.