பில்டருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே ஃபீஸா?

கேள்வி: கோவையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயராக இருக்கிறேன். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. வீடு கட்டுபவர், பில்டர், கம்பெனி, சொந்தக்காரர் என எல்லாரிடமும் சதுர அடிக்கு 8 ரூபாய்தான் வாங்குகிறேன். வேலைக்குக் குறைவில்லை, கையில்தான் காசு நிற்பதில்லை. யாரிடம் எவ்வளவு கேட்பது நியாயம்?

பதில்: சதுர அடிக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வீட்டுச் செலவு மாதம் 60,000, ஆபீஸ் வாடகை, சாஃப்ட்வேர், பெட்ரோல் 25,000 என்று வைத்துக்கொள்வோம். பில் போடக்கூடிய வேலை மாதம் 100 மணி நேரம் தேறினால் அதிகம். மீதி போன் பேசுவதிலும் பாக்கிக்கு அலைவதிலும் போய்விடும். ஆக, மணிக்கு 850 ரூபாய் அசல். வரி, வேலை வராத மாதம் எல்லாம் சேர்த்தால் 1,000. இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

1,500 சதுர அடி வீட்டுக்கு டிசைன், டிராயிங் 14 மணி நேரம். "இந்த பில்லரை மட்டும் லேசாகத் தள்ளிக்கலாமா சார்" ரகத் திருத்தங்கள் 4. நான்கு முறை சைட்டுக்குப் போய்வர 8. மொத்தம் 26,000 ரூபாய். நீங்கள் வாங்குவது 12,000!

பில்டர் ஒரே பிளானில் பத்து வீடு கட்டினால் இரண்டாவது வீட்டிலிருந்து உங்கள் நேரம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்குத் தள்ளுபடி கொடுங்கள். "அடுத்த புராஜெக்டும் உங்களுக்குத்தான்" என்ற வாய்ப்பேச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

கம்பெனி என்றால் மீட்டிங், ரிப்போர்ட், தாமதமாக வரும் பணம். மணிக்கு 1,500 கேட்பதில் தப்பே இல்லை. ஃபீஸில் 10% டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது நஷ்டமல்ல, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், இலவசம்தான். அதை வைத்து, ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டப்படி கேட்கலாம்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் 18% ஜிஎஸ்டி வரும். வரி கட்டும் கம்பெனிகள் பல அதை இன்புட் கிரெடிட்டாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து எடுத்துக்கொள்ளும். வீடு கட்டுபவருக்கு அது கைக்காசு. அதனால் கொட்டேஷனிலேயே 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதிவிடுங்கள்.

சொந்தக்காரர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். முழு ஃபீஸ் வாங்குங்கள், இல்லையென்றால் இலவசமாகவே செய்யுங்கள். பாதி ஃபீஸ்தான் மனஸ்தாபம்: அவருக்கு அது அதிகம், உங்களுக்குக் குறைவு. இலவசம் என்றாலும் மண் பரிசோதனையையோ சைட் விசிட்டையோ குறைக்காதீர்கள். விரிசல் விட்டால் டிராயிங்கில் இருப்பது உங்கள் கையெழுத்து.

அப்புறம், யாராக இருந்தாலும் 40% அட்வான்ஸ். அஸ்திவார டிராயிங் கொடுக்கும்போது 30%, மீதி வந்த பிறகுதான் ரூஃப் ஸ்லாப் டிராயிங்.