கையெழுத்துக்கு முன்னால் மூன்று பேரும் ஒரு தடவை உட்காருங்கள்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து மூன்று வருடமாக இணையத்தில் ஒரு கார்ட்டூன் தொடர் நடத்துகிறோம். கதையும் படமும் என்னுடையவை. ஒருவர் இசை அமைக்கிறார், இன்னொருவர் குரல் கொடுக்கிறார். எங்கள் நாயகனான குடை பிடித்த ஆந்தைக்கு இப்போது நல்ல பெயர். ஒரு தயாரிப்பு நிறுவனம் அதைப் படமாக்க விரும்பி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, நகலை இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் கையெழுத்து வேண்டுமாம். இதற்கிடையே யாரோ ஆந்தை படம் போட்ட டி-ஷர்ட் விற்கிறார்கள். நாங்கள் எதையும் பதிவு செய்ததில்லை. முதல் கதையை எனக்கே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அது போதுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த உறையை நம்பி இருக்காதீர்கள். தனக்குத்தானே தபால் அனுப்புவதால் எந்த உரிமையும் புதிதாக வந்துவிடாது. சாட்சியமாகவும் அது பலவீனம்தான். ஒட்டாத உறையை அனுப்பிவிட்டு, பிறகு உள்ளே எதையும் வைக்கலாமே!

நல்ல விஷயம், உங்களுக்கு அந்த உறை தேவையே இல்லை. காப்பிரைட்டுக்காக, அதாவது படைப்பாளியின் உரிமைக்காக, 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180 நாடுகளுக்கு மேல் இருக்கின்றன. அதன்படி காப்பிரைட் கிடைக்கப் பதிவு கட்டாயமில்லை. ஆந்தையை வரைந்து முடித்த நிமிடமே அந்தப் படம் உங்களுடையது. உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நிற்கும். பதிவு செய்தால் லாபம் உண்டு, வழக்கென்று வந்தால் நிரூபிப்பது சுலபம். அதைவிட முக்கியம், முதல் பென்சில் கோட்டுப் படங்கள், லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) ஒன்றாக்கப்படாத மூலக் கோப்புகள், நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். திருடியவரிடம் முடிந்த படம் மட்டும்தான் இருக்கும். அது உருவான கதை உங்களிடம்தான் இருக்கும். எதையும் அழிக்காதீர்கள்.

ஆனால் ‘குடை பிடித்த ஆந்தை’ என்ற யோசனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. வேறொருவர் தன் கையால் வேறு மாதிரி ஓர் ஆந்தை வரைந்து குடையைக் கொடுத்தால் தடுக்க வழியில்லை. உங்கள் ஆந்தையின் உருவம், கோடுகள், நீங்கள் எழுதிய வசனம், இவைதான் உங்கள் சொத்து.

டி-ஷர்ட் விஷயம் சின்னது. முதலில் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே காப்பிரைட் புகார் கொடுங்கள். உங்கள் மூலப் படமும் அது வெளியான தேதியும் கூடவே இருக்கட்டும். பொதுவெளியில் திட்டிப் பதிவு போட்டால் பொருளை எடுத்துவிட்டு வேறு பெயரில் கடை போடுவார்கள், அவ்வளவுதான்.

இனி பெயர். காப்பிரைட் பொதுவாகப் பெயரையோ தலைப்பையோ காக்காது; அது டிரேட்மார்க் (வணிக முத்திரை) வேலை. இரண்டுக்கும் உள்ள தூரத்துக்கு மிக்கி மவுஸ் நல்ல உதாரணம். 1928-இல் வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தின் காப்பிரைட் அமெரிக்காவில் முடிந்து, 2024 ஜனவரி 1 முதல் அது பொதுச்சொத்து. ஆனால் மிக்கியின் மீது டிஸ்னிக்கு உள்ள டிரேட்மார்க் அப்படியே இருக்கிறது. டிரேட்மார்க்கைப் பயன்பாட்டில் வைத்து, காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டே வந்தால் அதற்கு முடிவு கிடையாது. ஆந்தையின் பெயரையும் உருவத்தையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யும்போது பொருள் வகுப்பு, அதாவது எந்த வகைப் பொருளுக்கு அல்லது சேவைக்கு என்று, கேட்பார்கள். மொத்தம் 45 வகுப்புகள். உங்களுக்கு 41 (பொழுதுபோக்கு), 9 (பதிவு செய்த ஒலி, காட்சி), 25 (ஆடைகள்) போதும். பல நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. அதனால் ஒப்பந்தப் பேச்சு சூடு பிடிப்பதற்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

சரி, யார் பெயரில் போடுவீர்கள்? உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

படமும் கதையும் உங்களுடையவை. ஆனால் மெட்டு இசை நண்பருடையது. அதை அவரே செலவு செய்து ஒலிப்பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவின் உரிமையும் தனியாக அவரிடமே இருக்கும். குரல் நண்பருக்கு நிகழ்த்துநர் என்ற முறையில் உரிமை உண்டு; 1961-இன் ரோம் உடன்படிக்கையும் 2012-இன் பெய்ஜிங் உடன்படிக்கையும் அதற்காக வந்தவை. நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாதபோது மூன்று பேர் சொத்தை நீங்கள் ஒருவராக விற்க முடியாது என்பது எங்கும் பொருந்தும்.

இப்போது ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவைப் பாருங்கள். ‘இத்தொடரின் எல்லா உரிமைகளும் எனக்கே சொந்தம், பிறர் உரிமை கோரினால் நஷ்டத்தை நானே ஏற்பேன்’ என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். நாளை இசை நண்பருக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வந்தால் கம்பெனியின் வக்கீல் செலவுகூட உங்கள் தலையில். ஆகவே முதலில் மூவரும் உட்கார்ந்து யாருக்கு எது சொந்தம், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பணம் வந்த பிறகு கேட்பது இன்னும் சங்கடம்.

நான்காவது பிரிவு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ‘உலகம் முழுவதும், இன்றுள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக’ உரிமையை மாற்றித் தருகிறீர்கள். படம் எடுக்க இவ்வளவு வேண்டியதில்லை. இதில் கையெழுத்திட்டால் பொம்மையும் விளையாட்டும் இரண்டாம் பாகமும் அவர்களுக்கு. அதோடு நீங்கள் அடுத்த வாரம் இணையத்தில் வெளியிட வேண்டிய கார்ட்டூனுக்கும் அவர்களிடம் அனுமதி கேட்க நேரலாம். உங்கள் ஆந்தையை நீங்களே வரைய முடியாது!

உரிமையை மாற்றிக் கொடுக்காமல், ஒரு திரைப்படத்துக்கு மட்டும் உரிமம் (பயன்படுத்தும் அனுமதி) தருவதாகத் திருத்தச் சொல்லுங்கள். இணையத் தொடர் உங்களிடமே இருக்கும் என்று தனி வரி வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் படப்பணி தொடங்காவிட்டால் உரிமை திரும்பி வரவேண்டும். டைட்டிலில் பெயர் எங்கே, எப்படி வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ‘நிகர லாபத்தில் பங்கு’ என்பதைப் பெரிதாக நம்பாதீர்கள். எல்லாச் செலவும் கழித்த பிறகு பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

ஒரு வாரக் கெடுவுக்குப் பயப்பட வேண்டாம். வக்கீலிடம் காட்ட அவகாசம் வேண்டும் என்று இன்றே மின்னஞ்சல் போடுங்கள். இன்னும் ஒரு வாரம்கூடப் பொறுக்காதவர்கள் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பொழுதுபோக்குத் துறை ஒப்பந்தங்களைப் பார்த்துப் பழகிய வக்கீலாகத் தேடுங்கள். போகும்போது ஒப்பந்தத்தோடு நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட தாளையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.