ஸ்டிக்கரில் இல்லாத மைலேஜ்

வண்டி: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். முக்கால் டன், ஒரு டன் என்று சுமையளவை வைத்து வகை பிரித்த பெட்ரோல் பிக்கப் டிரக்குகள் உண்மையில் எவ்வளவு குடிக்கின்றன? எனக்கும் மனதுக்கு நெருக்கமான கேள்விதான். ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில், தோட்ட வேலை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஓட்டுவது 2020 ஃபோர்டு எஃப்-250. 7.3 லிட்டர் பெட்ரோல் வி8, நாலு சக்கர இழுவை, நாலு கதவு. வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட விடாமல் பெட்ரோல் கணக்கு எழுதி வருகிறேன். கீழே 'என் நோட்டு' என்று சொல்வது அதைத்தான்.

வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்: அண்ணா, முக்கால் டன் பெட்ரோல் டிரக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் விலை இருக்கிறது, எஞ்சின் விவரம் இருக்கிறது, மைலேஜ் மட்டும் இல்லை. விற்பவரைக் கேட்டால் "கேலனுக்கு 18, 20 மைல் தாராளமா வரும்" என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள் தம்பி. காலி வண்டியை, சமவெளியில், பின்காற்றோடு, 60 மைல் வேகத்தில் ஓட்டினால் 18ஐ எட்டிப் பார்க்கலாம். 20ஐ என் நோட்டில் நான் பார்த்ததே இல்லை.

ஸ்டிக்கரில் மைலேஜ் இல்லாததற்கு அந்தக் கடைக்காரர் காரணம் இல்லை. வண்டியும் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டிவிட்டால், அந்த பிக்கப்புக்கு இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) மைலேஜ் எண்ணை ஸ்டிக்கரில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. எஃப்-250, செவ்ரலே 2500, ராம் 2500 போன்ற முக்கால் டன் வண்டிகள் எல்லாமே 10,000 பவுண்டை ஒட்டி நிற்பவை. 2014 மாடலிலிருந்து இந்த வகை வண்டிகளுக்கும் எரிபொருள் விதி வந்துவிட்டது. ஆனால் அது கம்பெனி விற்கும் வண்டிகளின் மொத்தச் சராசரிக்கு வைத்த விதி. வண்டி எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும் என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். வாங்க வருகிறவர் கண்ணில் படுகிற எண்ணாக அது வருவதில்லை. வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய செலவைச் செய்கிறவருக்கு இந்த எண்ணைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்பதே என் கருத்து.

என் நோட்டைச் சொல்கிறேன். ஊருக்குள் வேலைக்கு ஓடும் வாரங்களில் கேலனுக்கு பத்தரை முதல் 12 மைல். நெடுஞ்சாலையில் காலியாக, 65 மைல் வேகத்தில், 16. அதே சாலையில் 75 என்றால் 14. சான் அன்டோனியோ தாண்டி மேற்கே போனால் ஐ-10ல் வேக வரம்பு 80. அந்த வேகத்தில் ஓட்டினால் 13கூடச் சிரமம். எல்லாம் சேர்த்த சராசரி 12.6. செவ்ரலேயின் 6.6 லிட்டர், ராமின் 6.4 ஹெமி ஓட்டுகிற நண்பர்களின் கணக்கும் இதிலிருந்து ஒரு மைல் முன்னே பின்னே, அவ்வளவுதான். எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி? அரைத் தொட்டி பெட்ரோலும் என் கருவிகளும் இருக்கும்போது லாரி எடை மேடையில் ஏற்றினேன். 7,180 பவுண்டு, அதாவது மூன்றேகால் டன். இழுப்பதற்கென்று செய்த வண்டி என்பதால் ஆக்சிலும் கனம், டயரும் கனம், முகப்பு ஒரு சுவர் மாதிரி. 65லிருந்து 80க்குப் போனால் வேகம் கால் பங்குக்குக் கீழேதான் கூடுகிறது; காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்கு. எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சுவரைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

கணக்குப் போடும்போது 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் மாதச் செலவு தாங்கும் என்றால் வாங்குங்கள்.

வாசகர், சான் அன்டோனியோ: டாஷ்போர்டு 14.6 காட்டுகிறது. பங்க்கில் போட்ட கேலனை வைத்துக் கணக்குப் பார்த்தால் 12.9தான். 35 அங்குல டயர் மாற்றியிருக்கிறேன். எது சரி?

இரண்டுமே சரியில்லை. உங்கள் வண்டிக்கு வந்த டயர் 275/65ஆர்18 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் விட்டம் 32 அங்குலத்துக்குச் சற்று அதிகம். 35 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 9 சதவீதம் அதிக தூரம் போகும். கம்ப்யூட்டருக்கு டயர் மாறியது தெரியாது. மீட்டர் 300 மைல் காட்டும்போது நீங்கள் 327 மைல் போயிருப்பீர்கள். ஆகவே 12.9 என்பது உண்மையில் 14. பழைய டயரில் 15 வந்தது என்கிறீர்கள். கனமான டயர் தின்றது அந்த ஒரு மைல்.

அதைவிட முக்கியமான ஒன்று. முள் 70 காட்டும்போது நீங்கள் 76ல் போகிறீர்கள். 70ல்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஆறு மைல் அதிக வேகத்துக்கு பெட்ரோல் கொடுக்கிறீர்கள், போலீஸ் நிறுத்தினால் அபராதமும் கொடுப்பீர்கள். முதலில் டயர் அளவை கம்ப்யூட்டரில் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் நெடுஞ்சாலை மைல் கல்லோடு 50 மைலுக்கு ஒத்துப் பாருங்கள்.

டாஷ்போர்டு கணக்கு, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடும் மதிப்பீடு. என் வண்டியில் அது எப்போதும் ஐந்தாறு சதவீதம் கூட்டியே காட்டுகிறது. நம் ஊர் லாரிக்காரர்கள் சொல்கிற 'டேங்க் டு டேங்க்'தான் சரியான வழி: தொட்டியை நிரப்பி ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள், ஓடிய மைலை அப்போது போட்ட கேலனால் வகுங்கள். அதே பங்க், முடிந்தால் அதே பம்ப். பம்ப் தானாக நிற்கும் முதல் கிளிக்கோடு கையை எடுத்துவிடுங்கள். இந்தப் பெரிய தொட்டிகளில் கிளிக்குக்குப் பிறகும் சொட்டுச் சொட்டாகத் திணித்தால் ஒரு கேலன்வரை உள்ளே போய்விடும். அந்த ஒரு கேலனே கணக்கைக் குலைத்துவிடும். மூன்று தடவை நிரப்பிச் சராசரி எடுங்கள்.

வாசகி, கேட்டி: எங்கள் பயண ட்ரெய்லர் 6,200 பவுண்டுதான். அதை இழுத்தால் கேலனுக்கு ஏழு மைல். பக்கத்து வீட்டுக்காரர் 9,000 பவுண்டு டிராக்டரைத் தட்டை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் பத்து எடுக்கிறார். இரண்டும் ஒரே மாடல் வண்டி. எங்கள் வண்டியில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை, அம்மா. டிராக்டர் உங்கள் ட்ரெய்லரைவிடக் கனம்தான். ஆனால் அது அவருடைய வண்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிறது. உங்கள் ட்ரெய்லர் எட்டடி அகலம், பதினோரடி உயரம். வண்டியின் கூரைக்கு மேலே நாலடிக்குக் குறையாமல் ஒரு தட்டைச் சுவர் எழும்பி நிற்கிறது. ஏற்றத்திலும் சிக்னலிலும்தான் எடை தன் வேலையைக் காட்டும். நெடுஞ்சாலையில் பெட்ரோலைத் தின்பது காற்று.

இரண்டு வருடம் முன்பு டிசம்பர் விடுமுறையில் இரண்டு குடும்பமாக மேற்கு டெக்சாஸில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். எங்கள் ட்ரெய்லரும் ஏறக்குறைய உங்களுடையது போலத்தான். ஓசோனாவில் தொட்டியை நிரப்பிவிட்டு மேற்கே திரும்பினால் எதிர்காற்று. பங்க்கில் வண்டிக் கதவைத் திறந்தபோதே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. 68 மைல் வேகத்தில் கியர் ஆறுக்கு மேல் ஏறவே இல்லை. முள் 3,500 சுற்றில் நின்றது, எஞ்சின் ஒரே கத்தல், பின் சீட்டில் குழந்தைகள் பேசுவது காதில் விழவில்லை. அப்படியே பாதி தூரம் ஓட்டினேன். பிறகு மனைவி, "ஏங்க, மெதுவாத்தான் போங்களேன், யாரு துரத்துறா" என்றாள். 62க்கு இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் கியர் எட்டுக்குப் போனது, முள் 2,100க்கு இறங்கியது, பேச்சுச் சத்தம் திரும்பி வந்தது. திரையில் அந்தந்தப் பாதிக்கான எண்ணைப் பார்த்து, என் வழக்கமான திருத்தத்தைக் கழித்து எழுதிவைத்தேன். முதல் பாதி 7.0, இரண்டாம் பாதி 8.2.

ஓசோனாவிலிருந்து ஃபோர்ட் ஸ்டாக்டன் 108 மைல். முழுத் தூரமும் 68ல் போவதற்குப் பதில் 62ல் போனால் இரண்டு கேலனுக்கு மேல் மிச்சம். கூடுதல் நேரம் ஒன்பது பத்து நிமிடம். பெட்ரோல் எஞ்சின் முழு மூச்சாக இழுக்கும்போது, உள்ளே சூடு ஏறாமல் இருக்கக் கம்ப்யூட்டரே தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். அந்தக் கத்தலில் இருந்து வண்டியை வெளியே கொண்டுவந்ததும்தான் இவ்வளவு வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. பல ட்ரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. உங்கள் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

திரும்பி வரும்போது அதே ட்ரெய்லர், அதே 62, ஆனால் 9.4 வந்தது. காற்று முதுகில். ஃபோர்ட் ஸ்டாக்டன் 3,000 அடி உயரம், ஹூஸ்டன் கடல் மட்டத்தை ஒட்டியது, மொத்தத்தில் இறக்கம். ஒரு வழிப் பயணத்தை மட்டும் வைத்து வண்டியை எடை போட வேண்டாம். போகவும் வரவும் சேர்த்துப் பாருங்கள்.

உங்களுடையதும் 34 கேலன் தொட்டிதான். ஏழு மைல் கணக்கில் 238 மைல். நான் 170 மைலிலேயே பங்க் தேட ஆரம்பித்துவிடுவேன். மேற்கு டெக்சாஸில் அடுத்த ஊர் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி ஓட்டக்கூடாது.

வாசகர், கோயம்புத்தூர்: கேலன், மைல் எல்லாம் எங்களுக்குப் பிடிபடவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

கேலனுக்கு இத்தனை மைல் என்பதை 0.425ஆல் பெருக்குங்கள். என் சராசரி 12.6 என்பது லிட்டருக்கு 5.4 கிலோமீட்டர். ட்ரெய்லர் இழுக்கும்போது வரும் ஏழு மைல், லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர். என் அப்பா நாமக்கல்லில் ஓட்டிய பத்து டன் லாரி, சரக்கோடு டீசலில் நாலு கொடுத்தது. பெட்ரோல் தொட்டி மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு ஞாபகம் வரும்.

வாசகர், அட்லாண்டா: எத்தனால் அதிகம் கலந்த இ85 பெட்ரோல் கேலனுக்கு அறுபது சென்ட் மலிவாக இருக்கிறது. போடலாமா? பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடுமா?

முதலில் வண்டி அதற்கென்று செய்யப்பட்டதா என்று கையேட்டில் பாருங்கள். என் 7.3க்கு இ85 ஆகாது. ஆகும் வண்டியிலும், எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை குறையும். கால் பங்காவது விலை குறைவாக இருந்தால்தான் கட்டும். மூன்று டாலரில் அறுபது சென்ட் ஐந்தில் ஒரு பங்குதான். பிரீமியம் வேண்டாம். ஃபோர்டு 7.3க்கும் செவ்ரலே 6.6க்கும் 87 ஆக்டேன் பெட்ரோல் போதும். ராம் 6.4க்கு மட்டும் 89 பரிந்துரைக்கிறார்கள்.

வாசகர், டென்வர்: டீசல் வாங்கினால் மைலேஜ் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் பெட்ரோல் வாங்கினீர்கள்?

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான். டீசல் எஞ்சினுக்கு 10,000 டாலருக்குப் பக்கமாகக் கூடுதல் விலை. வருடம் 12,000 மைல் என்று வையுங்கள். பெட்ரோல் 13 மைல் கொடுத்தால் 923 கேலன். டீசல் 17 கொடுத்தால் 706 கேலன். பெட்ரோல் மூன்று டாலர், டீசல் 3.60 என்று வைத்தால் வருடத்துக்கு மிச்சம் 230 டாலருக்குள். டீசல் வண்டியில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்ற வேண்டிய யூரியா திரவத்தை இதில் சேர்க்கவே இல்லை.

தினமும் கனத்த ட்ரெய்லர், வருடம் 25,000 மைல் என்றால் கதை மாறும். பெட்ரோல் 8, டீசல் பதினொன்றரை என்று வைத்தால் வருடம் 1,500 டாலர் மிச்சம். அப்போதும் போட்ட பணம் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல். நீங்கள் டென்வரில் இருப்பதால் வேறு ஒரு காரணம் உண்டு. ஐ-70ல் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று சதவீதம் போலச் சக்தியை இழக்கும், அங்கே போகும்போது மூன்றில் ஒரு பங்கு இருக்காது. இறக்கத்தில், எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றும். அந்த மலையில் மாதம் இரண்டு தடவை இழுக்கிறீர்கள் என்றால் டீசல் வாங்குங்கள். மைலேஜுக்காக வாங்காதீர்கள்.

வாசகர், பிளேனோ: தினமும் ஆபீசுக்கு 40 மைல். வருடத்தில் இரண்டு முறை 3,500 பவுண்டு படகை ஏரிக்கு இழுக்க வேண்டும். 2500 வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் படகுக்கு அரை டன் வண்டியே தாராளம். அவற்றில் 20 மைலை ஒட்டிக் கொடுப்பவை இருக்கின்றன, ஸ்டிக்கரில் எண்ணும் போட்டிருக்கும். வருடம் 10,000 மைலுக்கு 12.5 என்றால் 800 கேலன், 20 என்றால் 500. வித்தியாசம் 300 கேலன், கேலன் மூன்று டாலர் என்று வைத்தால் 900 டாலர். வாங்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு சுமக்கலாம் என்று பாருங்கள். படகு ட்ரெய்லர் ஹிட்ச்சில் அழுத்தும் 350 பவுண்டு, நீங்கள், மனைவி, குழந்தைகள், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.